விழுந்தவரின் முதலாளி யார்?

யாழ்ப்பாணத்து நாளிதழ்களின் உட்பக்கங்களில் அந்தச் செய்தி ஏறத்தாழ ஒரே வடிவில் வரும். கள்ளுச் சீவப் பனையில் ஏறியவர் தவறி விழுந்தார். அல்லது மாடிவீட்டுக்குப் பூச்சு வேலை செய்த மேசன் சாரம் சரிந்து விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டும் சிகிச்சை பலனளிக்கவில்லை. திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்தி உடலை உறவினரிடம் ஒப்படைத்தார். வயது இருக்கும், ஊர் இருக்கும், எத்தனை பிள்ளைகளின் தந்தை என்பதும் இருக்கும். அவர் யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பது இருக்காது. இதைச் செய்தியாளரின் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் எப்படி இறந்தார் என்பதே மரண விசாரணையின் கேள்வி. அதற்கு விடை கிடைத்ததும் கோப்பு மூடப்படும். நட்டஈட்டுச் சட்டமோ அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது: வேலை கொடுத்தவர் யார்?

குடாநாட்டில் உயரத்தில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி, இந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காதபடி அமைந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, தொண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறது. அது தேடும் ஆள்தான் அகப்படுவதில்லை.

முதலில் மரத்தைப் பார்ப்போம். இலங்கையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பனைகள் உள்ளன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வடக்கில் நிற்கின்றன. சீவல் தொழிலாளி காலில் தளைநாரை மாட்டி, நெஞ்சை மரத்தோடு அணைத்து, இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியும் தொங்க ஏறுகிறார். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரமும் ஏறப்பட வேண்டும். பாளையை ஒருநாள் சீவாமல் விட்டால் அது அடைத்துக்கொள்ளும். அதனால் மழைக்கும் பனிக்கும் காய்ச்சலுக்கும் விடுமுறை எடுக்க முடியாத தொழில் இது. பனைப் பருவம் முடிந்தால் பலர் தென்னைக்கு மாறுவர். ஏற்றம் மட்டும் நிற்பதில்லை.

ஆபத்து எங்கே கூடுகிறது என்பதைத் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டால் அடிமரத்தையோ நடுமரத்தையோ காட்டமாட்டார்கள், வட்டைக் காட்டுவார்கள். உடல் மரத்தை விட்டு விலகி மட்டைகளுக்கிடையே நுழையும் கணம் அது. கங்குமட்டை பிடுங்கிக்கொண்டு வரலாம், குளவிக்கூடு இருக்கலாம், ஈரத்தில் கால் வழுக்கலாம். தொழிற்சாலைப் பாதுகாப்புப் பட்டி இங்கே பெரிதாக உதவாததற்கும் இதுவே காரணம். மரத்தைச் சுற்றிக் கட்டிய பட்டியை வட்டுக்குள் நுழையும்போது அவிழ்த்தாக வேண்டும். அதாவது மிக வேண்டிய இடத்தில் அது இராது. தென்னைக்கென்று தென்னிந்தியாவில் உருவான ஏறு கருவிகள் தேங்காய் பறிப்போருக்குப் பயன்படுகின்றன. ஒரே நாளில் இருவேளையும் பல மரங்கள் ஏறி இறங்கும் சீவல்காரருக்கு, ஒவ்வொரு அடிமரத்திலும் கருவியைப் பூட்டிக் கழற்றும் நேரம் கட்டுப்படியாகாது.

உயரம் என்றால் என்ன என்பதைக் கணக்காகவும் சொல்லலாம். மூன்று மீற்றர் உயரத்தில் ஒரு சாதாரண ஏணியிலிருந்து விழுபவர் மணிக்கு சுமார் 28 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தில் மோதுகிறார். ஒன்பது மீற்றரில் இது 48 ஆகிறது. பதினைந்து மீற்றர்ப் பனையிலிருந்து விழுந்தால் 60ஐத் தாண்டும். ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து தலைக்கவசமின்றித் தூக்கி வீசப்படுவதற்கு இணையான மோதல் அது. காலூன்றி விழுந்தால் குதிகால் எலும்பு நொறுங்கும். அதிர்வு முதுகெலும்பு வழியே ஏறி, நெஞ்சுப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் முள்ளந்தண்டை உடைக்கும். முண்ணாண் நசிந்தால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லை. அதன் பிறகு நாற்பது வயது மனிதர் ஒருவரின் வாழ்நாளைத் தீர்மானிப்பவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வேலையில் காயமடைந்தவருக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும், முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்ற கொள்கையை பிரித்தானியா 1897இல் சட்டமாக்கியது. அந்த முதற் சட்டம் கட்டட வேலைக்கு ஒரு விசித்திரமான எல்லை வைத்தது. கட்டடம் 30 அடிக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும். சாரம் கட்டி வேலை நடந்திருக்க வேண்டும். வெறும் ஏணி சாரமாகுமா என்பது வரை நீதிமன்றங்களில் வாதாடினார்கள். விழுந்து கிடப்பவரின் காலை விட்டுவிட்டுக் கட்டடத்தை அளந்துகொண்டிருந்த காலம் அது. 1906இல் அந்த எல்லைகள் நீக்கப்பட்டன. இந்தியாவுக்கு 1923இல் ஒரு சட்டம் வந்தது. அதை ஒட்டி இலங்கைக்கு வந்ததுதான் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்.

இந்தியச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், யார் யார் தொழிலாளர் என்ற பட்டியலில், பனை, தென்னை இன மரங்களில் சீவும் வேலை வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தது. ஆனால் அங்கேயும் ஒரு நிபந்தனை இருந்தது: அந்த வேலைக்கு அவர் ஒருவரால் அமர்த்தப்பட்டிருக்க வேண்டும். இலங்கைச் சட்டத்தின் வரைவிலக்கணம் ஒருவகையில் தாராளமானது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சே போதும். கூலி நாட்கணக்கிலா, செய்த வேலையின் அளவிலா என்பதும் பொருட்டில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிப் பூச்சு வேலை செய்பவரும் இதற்குள் வரலாம். இத்தனை தாராளத்துக்கும் நடுவே ஒரு சிறு சொற்றொடர் காவல் நிற்கிறது. வேலை, முதலாளியின் தொழிலின் அல்லது வியாபாரத்தின் பொருட்டு நடந்ததாக இருக்க வேண்டும். கொந்தராத்துக்காரருக்கு மேலே உள்ளவரைப் பொறுப்பாக்கும் பிரிவும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது.

குடாநாட்டின் இரு பெரும் உயர வேலைகளும் இந்தச் சொற்றொடரில்தான் தட்டி விழுகின்றன.

சீவல் தொழிலை எடுத்துக்கொள்வோம். முன்பு கள்ளு விற்பனை தவறணைக் குத்தகைக்காரர் கையில் இருந்தது. சீவியவரின் உழைப்பில் பெரும்பங்கு குத்தகைக்காரருக்கே போனது. 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, விற்பனை தொழிலாளரின் சொந்தச் சங்கங்களிடம் வந்தது. குடாநாட்டின் சமூக வரலாற்றில் இது சிறிய மாற்றமில்லை. சீவல் தொழில் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாங்கும் கோயில் வாசலும் மறுக்கப்பட்டன. 1966இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குள், அதே மக்கள் தம் தொழிலின் கணக்குப் புத்தகத்தைத் தாமே கையில் எடுத்தார்கள். திக்கத்திலும் வரணியிலும் வடிசாலைகள் எழுந்ததற்கு அடித்தளம் இந்தச் சங்கங்கள்தான்.

இந்த விடுதலைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. குத்தகைக்காரர் சுரண்டினார், ஆனால் சட்டத்தின் முன் இழுத்து நிறுத்த ஒரு ஆளாவது இருந்தார். கூட்டுறவில் சீவல்காரர் உறுப்பினர்; சங்கத்துக்குக் கள்ளை அளந்து கொடுத்துப் பணம் பெறுபவர். அவர் ஏறும் மரம் பெரும்பாலும் வேறொருவருடையது. மரக்காரருக்கு அவர் குத்தகை தருகிறாரே தவிர மரக்காரரிடம் கூலி வாங்குவதில்லை. விழுந்தால் மரக்காரர் முதலாளி இல்லை. சங்கமும் முதலாளி இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. சங்கம் தன் நிதியிலிருந்து ஏதாவது கொடுத்தால் அது உதவி. உதவிக்கு நன்றி சொல்லலாம், வழக்குப் போட முடியாது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள் உற்பத்தியையும் சந்தையையும் வளர்க்கும் அமைப்பு; சீவல்காரரின் முதலாளி அல்ல. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயருக்கேற்றபடி, கூரையும் இயந்திரமும் உள்ள இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன் பரிசோதகர் கள்ளு வடிக்கும் இடத்துக்குப் போவார். கள்ளு இறங்கும் மரத்தடிக்குப் போகமாட்டார்.

கேரளம் இதே சிக்கலை வேறுவிதமாக அவிழ்த்தது. அங்கே 1969இல் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. கள்ளுக்கடை உரிமம் பெற்றவரை முதலாளியாகவும், சீவுபவரைப் பதிவுபெற்ற தொழிலாளியாகவும் அது நிறுத்தியது. இருவரும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கள்ளு விற்கும் உரிமம் அரசிடமிருந்து வருவதால், கட்டாதவரின் கழுத்தைப் பிடிக்க அரசுக்கு ஒரு பிடி இருக்கிறது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆனாலும் பதநீர் இறக்குவோரை முன்னிட்டு 2006இல் பனைமரத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. வாரியத்தின் தொகைகள் சிறியவை, கிடைப்பதும் தாமதம் என்ற முறைப்பாடுகள் அங்கே உண்டு. இருந்தும் முதலாளி என்று ஒருவரைக் காட்டாமலே கேட்கக்கூடிய பணம் அது. இலங்கையில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் அரசு வரி வாங்குகிறது. போத்தலில் வரி எடுக்கத் தெரிந்த அரசுக்கு, அதே போத்தலில் ஒரு சிறு பங்கை ஏறியவரின் முதுகெலும்புக்காக ஒதுக்கத் தெரியாமற் போனது எனக்குப் புரியவில்லை.

வீடு கட்டும் வேலையில் முடிச்சு இன்னும் இறுக்கமானது.

போருக்குப் பிறகு குடாநாடு ஒரு பெரிய கட்டட வளவாக மாறியது. இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் சுமார் 45,000 வீடுகள் உரிமையாளரே கட்டிக்கொள்ளும் முறையில் எழுந்தன. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, கட்டங் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு. திட்டத்தின் நன்மைகளை மறுக்க முடியாது. தனக்கு வேண்டியபடி தானே வீடு கட்டும் மதிப்பு பெரிது. ஆனால் அந்த முறையில் மேசனுக்கு வேலை கொடுத்தவர் யார்? தறப்பாள் கொட்டிலிலிருந்து இப்போதுதான் வெளிவந்த ஒரு குடும்பம். பல வேளைகளில் கணவனை இழந்த ஒரு பெண். மேசன் சாரத்திலிருந்து விழுந்தால் அவர் யாரிடம் கேட்பார்? அந்தப் பெண் வீடு கட்டுவது தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ அல்ல. சட்டப்படி அவர் முதலாளி ஆவது கடினம். அப்படி ஆனாலும் அவரிடம் என்ன இருக்கிறது? இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் 2022 வரை, இலங்கையில் ஒரு தொழிலாளியின் உயிருக்கோ முழு உடலியலாமைக்கோ கிடைக்கக்கூடிய உச்ச நட்டஈடு அதே 5,50,000 ரூபாதான். ஒரு சிறு வீட்டுக்கும் அதைக் கட்டிய கைகளுக்கும் அரசுகள் ஒரே விலை போட்டிருந்தன.

வெளிநாட்டுப் பணத்தில் எழும் மாடிவீடுகளின் கதை வேறு. உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருப்பார். வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் வட்சப்பில் பார்ப்பார். ஊரில் ஒரு உறவினர் மேற்பார்வை. அவருக்குக் கீழே கொந்தராத்துக்காரர். அவருக்குக் கீழே மேசன். மேசனுக்குக் கீழே கையாள். பிளேட் போடும் நாளில் மட்டும் இருபது பேர் வருவர், மறுநாள் கலைந்துவிடுவர். மின்னிணைப்புக்காரர், நிறப்பூச்சுக்காரர், தண்ணீர்த் தாங்கி பூட்டுபவர், சூரியத் தகடு பொருத்துபவர் என ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி வந்தவர்கள். இந்தச் சங்கிலியில் சட்டம் தெளிவாகப் பிடிக்கக்கூடிய கண்ணி ஒன்றுதான்: கொந்தராத்துக்காரர். வீடு கட்டுவது அவருடைய தொழில். அவர் கீழ் வாய்ப்பேச்சில் சேர்ந்த கையாளும் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான். இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. "துண்டு ஒண்டும் எழுதேல்லைத்தானே" என்று கொந்தராத்துக்காரரும் நினைக்கிறார், விழுந்தவரும் நினைக்கிறார். இருவருமே தவறு.

ஆனால் பொறுப்பு உண்டு என்பது வேறு, கொடுக்கப் பணம் உண்டு என்பது வேறு. நேற்றுவரை மேசனாக இருந்து இன்று கொந்தராத்து எடுப்பவருக்கு ஒரு சீமெந்துக் கலவை இயந்திரமும் ஒரு மோட்டார் சைக்கிளும் கடன் புத்தகமும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உச்சத் தொகையை 20 இலட்சமாக உயர்த்தியது; வேலைக்குப் போகும் வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. நல்ல திருத்தம். ஆயினும் நாட்கூலி 3,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 20 இலட்சம் என்பது 667 வேலைநாளின் கூலி. மாதம் 25 நாள் வேலை என்றால் இரண்டேகால் ஆண்டு. முப்பது ஆண்டு உழைப்பை இழந்தவருக்கு அது போதாது. கொடுக்க வேண்டிய சின்னக் கொந்தராத்துக்காரருக்கோ அது ஒரே நாளில் வரும் ஓட்டாண்டித்தனம். இந்தப் பொறுப்பைக் காப்புறுதி செய்யும் திட்டங்களை நாட்டின் காப்புறுதி நிறுவனங்கள் விற்கின்றன. ஆனால் வாங்கியாக வேண்டும் என்று இக்கட்டளைச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மோட்டார் சைக்கிளை வீதியில் இறக்கக் காப்புறுதி கட்டாயம். மூன்றாம் மாடியில் மனிதரை ஏற்றக் கட்டாயமில்லை.

அடிப்படைக் கோளாறு இங்கேதான் என்பது என் கருத்து. ஜேர்மனி 1884இலேயே வேறு வழி கண்டது. முதலாளிகள் எல்லோரும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். காயப்பட்டவருக்கு நிதி கொடுக்கும். அவருடைய முதலாளி பணக்காரரா, ஓடிவிட்டாரா என்பது பொருட்டல்ல. தனி முதலாளியைத் துரத்தும் முறையை உருவாக்கிய பிரித்தானியாவே அதைக் கைவிட்டு, 1946இல் இயற்றிய தேசிய காப்புறுதி (தொழிற் காயங்கள்) சட்டத்தின் வழியாகப் பொது நிதிக்கு மாறிவிட்டது. இந்தியா 1948இல் ஊழியர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. கட்டடத் தொழிலாளருக்காக 1996இல் கட்டடச் செலவின்மேல் ஒரு வரியும் போட்டது. பத்து இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட சொந்த வீட்டுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது. அதாவது ஏழை வீட்டுக்காரர் தப்புவார், மாடி கட்டுபவர் கட்டுவார். இலங்கையில் மட்டும், கைவிடப்பட்ட பழைய பிரித்தானியச் சட்டையை நாம் இன்னும் ஒட்டுப்போட்டு அணிந்துகொண்டிருக்கிறோம்.

இதற்கிடையே விழுந்தவர் மீது விழும் இன்னொரு அடி உண்டு. "குடிச்சிட்டு ஏறினவன்." சீவல்காரர் விழுந்தால் முதலில் எழும் குரல் இதுதான், மேசனுக்கும் விதிவிலக்கில்லை. சட்டத்தில் இதற்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. குடிமயக்கமே நேரடிக் காரணமான காயத்துக்கு, அல்லது பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதால் வந்த காயத்துக்கு, முதலாளி பொறுப்பாகமாட்டார். ஆனால் இந்த விலக்கின் எல்லையையும் படிக்க வேண்டும். மரணம் நேர்ந்தால் இந்த விலக்கு பொருந்தாது. உயிர் தப்பியவர் விடயத்திலும் குடித்திருந்தார் என்று காட்டுவது போதாது. விழுந்தது அதனால்தான் என்று காட்ட வேண்டும். கயிறு இற்றுப்போன சாரம் நிதானமாக இருப்பவரையும் கீழே தள்ளும். பாதுகாப்பு விதியை மீறினார் என்று சொல்ல, முதலில் அப்படியொரு விதி அந்த வளவில் இருந்திருக்க வேண்டும். பட்டியும் தலைக்கவசமும் கொடுக்காதவர் அவற்றை அணியவில்லை என்று குற்றஞ்சாட்ட முடியாது. நீதிமன்றத்தில் தோற்கக்கூடிய இந்த வாதம் ஊர்வாயில் வெல்கிறது. கள்ளோடு தொடர்புடைய சாதியைப் பற்றி ஊரில் ஊறிக்கிடக்கும் எண்ணம் அதற்குத் துணை நிற்கிறது.

விழுந்த பிறகான முதல் மணிநேரம் உடலுக்கும் வழக்குக்கும் ஒருசேர முக்கியமானது. முதுகெலும்பு முறிந்தவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டியின் பின் ஆசனத்தில் மடக்கி வைத்துக் கொண்டுபோவது, பாதி நசிந்த முண்ணாணை முழுதாக நசிக்கக்கூடும். 1990 இலக்க சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 யூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் தொடக்கிவைக்கப்பட்டது, அது இலவசம். தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி அசையாமல் வைத்து, அந்த வண்டிக்குக் காத்திருப்பதே நல்லது.

ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது ஒரு கேள்வி கேட்கப்படும்: எப்படி விழுந்தது? இங்கேதான் பல வழக்குகள் செத்துப் போகின்றன. பொலிஸ் பிரச்சினை வரும், கொந்தராத்துக்காரர் பாவம், அவர்தானே செலவுக்குக் காசு தாறார் என்று யாரோ சொல்ல, "வீட்டில மரத்தால விழுந்திட்டன்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த வசனம் ஆஸ்பத்திரி ரிக்கற்றில் ஏறிவிட்டால் பின்னர் அழிப்பது பெரும்பாடு. எங்கே, யாருடைய வேலையில், எந்த உயரத்திலிருந்து என்று அப்போதே சொல்ல வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கூட வேலை செய்தவர்களின் பெயர், கூலி வந்த வங்கிக் கணக்கு அல்லது கொந்தராத்துக்காரரின் கொப்பியில் உள்ள கணக்கின் படம், சாரத்தின் படம் ஆகியன ஒரு வாரத்துக்குள் சேர்க்கக்கூடியவை. ஒரு மாதம் போனால் சாரம் கழற்றப்பட்டிருக்கும், ஆட்கள் வேறு வளவுக்குப் போயிருப்பார்கள். முதலாளிக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கோரிக்கை போவது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம். வழிகேட்க யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தையும் சட்ட உதவி ஆணைக்குழுவையும் நாடலாம், தமிழிலேயே எழுதலாம்.

சமரசம் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப் பெரியவர் முன்னிலையில் ஒரு தொகை பேசி, முத்திரையொட்டிய தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து வாங்குவது நம்மிடையே வழக்கம். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. இணக்கம் ஏற்பட்டால் அது ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். மரணம் நேர்ந்தால் தொகையைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுப்பதும் சரியல்ல. ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும், தங்கிவாழ்வோருக்கு அவர் பங்கிடுவார். விதவையின் பங்கை மைத்துனர் கையாளாமல் தடுக்கும் ஏற்பாடு இது. பழைய சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

வீட்டு உரிமையாளர் முழுதாகத் தப்பிவிடுகிறார் என்றும் எண்ண வேண்டாம். நட்டஈட்டுச் சட்டம் அவரைத் தொடாவிட்டாலும், ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் கவனயீனத்துக்காக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். இற்றுப்போன ஏணியைக் கொடுத்தவர், மின்கம்பிக்கு அருகே இரும்பு ஏணியை வைக்கச் சொன்னவர் பதில் சொல்ல வேண்டிவரும். அதற்கு இரண்டு ஆண்டுக் காலக்கெடு உண்டு. தவறை நிரூபிக்கும் பாரம் விழுந்தவருடையது. இரண்டு வழியிலும் ஒருசேரப் பணம் பெற முடியாது. கட்டிலில் கிடப்பவருக்கு இது நீண்ட பாதை.

ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் இன்னொரு வாசல். முதலாளி 12 வீதமும் 3 வீதமும் கட்ட வேண்டிய இந்த நிதிகள், நிரந்தர உடலியலாமை ஏற்பட்டால் பணம் தரக்கூடியவை. நாட்கூலிக்காரருக்கும் அவை உரியவை. நடைமுறையில் குடாநாட்டுக் கட்டட வளவுகளில் அவற்றின் பெயரைக் கேட்பதே அரிது.

பின்னர் வீடு. அறுவைச் சிகிச்சை இலவசம், மருந்து இலவசம். இலங்கையின் பொதுச் சுகாதாரத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டிய உடலை வீட்டில் பார்ப்பது மனைவி. அவருடைய வருமானமும் அத்தோடு போகிறது. அவயவம் இழந்தோருக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் பல ஆண்டுகளாகத் துணை நிற்கிறது. முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மாங்குளத்தை மையமாகக் கொண்ட உயிரிழை அமைப்பு இயங்குகிறது. பாதிக்கப்பட்டவர்களே நடத்தும் அமைப்பு அது. போரில் காயப்பட்டோருக்காக வளர்ந்த இந்த அறிவும் அனுபவமும் இன்று மரத்தாலும் சாரத்தாலும் விழுந்தவர்களுக்கும் தேவைப்படுகின்றன. போர் முடிந்துவிட்டது. முதுகெலும்பு முறிவது முடியவில்லை.

செய்ய வேண்டியவற்றில் பெரியது கொழும்பில் செய்ய வேண்டியது: முதலாளியைத் தேடாத ஒரு பொது விபத்து நிதி, கள்ளு வரியிலிருந்தும் கட்டடச் செலவிலிருந்தும் அதற்குப் பங்கு. அது வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று, வீடு கட்டக் காசு அனுப்புவோர் கையில் இருக்கிறது. நீங்கள் வாழும் நாட்டில் காப்புறுதி இல்லாத கட்டட வேலைக்காரரை உங்கள் கூரையில் ஏற்றத் தயங்குவீர்கள். ஊரில் கட்டும் வீட்டுக்கும் அதையே கேளுங்கள். கொந்தராத்துப் பேசும்போது தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதிக்கான செலவைத் தொகையில் சேர்த்துக் கொடுங்கள். முதல் தவணைக் காசுக்கு முன் அந்தக் காப்புறுதிப் பத்திரத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.